ஃபுகுஷிமா அணு உலை விபத்து: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சில் ஃபுகுஷிமா எப்படியாவது தலைகாட்டிவிடும். கடலில் கதிரியக்கத் தண்ணீரை விடுகிறார்களாமே, மீன் வாங்காதே என்று ஒரு அத்தை. அதெல்லாம் பழைய கதை, இப்போது ஒன்றுமே இல்லை என்று ஒரு மாமா. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

அங்கே அணுகுண்டு மாதிரிதானே வெடித்தது?

இல்லை, வெடித்தது ஹைட்ரஜன் வாயு. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு 9.0 அளவிலான நிலநடுக்கம் வந்ததும், ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3ஆம் உலைகள் தாமாகவே நின்றன. 4, 5, 6ஆம் உலைகள் ஏற்கெனவே பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. உலை நின்றாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது. தொடர்ந்து தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்க வேண்டும். வெளி மின்சாரம் நிலநடுக்கத்திலேயே போனதால் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்து, 10 மீட்டர் உயரத்தில் இருந்த உலை வளாகத்தின் மீது அதைவிட உயரமான அலை ஏறியது. ஜெனரேட்டர்களும் மின் பலகைகளும் பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. மூழ்கிவிட்டன.

பிறகு மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது. எரிபொருளைப் பொதிந்திருந்த சிர்கோனியம் உலோகம் கொதிக்கும் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கியது. அந்த வாயு சேர்ந்து 12ஆம் தேதி 1ஆம் உலைக் கட்டடமும், 14ஆம் தேதி 3ஆம் உலைக் கட்டடமும், 15ஆம் தேதி 4ஆம் உலைக் கட்டடமும் வெடித்தன. நான்காவது உலைக்கலத்தில் அப்போது எரிபொருளே இல்லை. மூன்றாவதன் வாயு பொதுக் குழாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. செர்னோபிலைப் போல இதுவும் உச்சமான 7ஆம் நிலை விபத்து. ஆனால் வெளியேறிய கதிரியக்கப் பொருள்களின் அளவு செர்னோபிலைவிட வெகு குறைவு, அதிலும் பெரும்பகுதி காற்றோடு பசிபிக் கடலுக்குப் போய்விட்டது.

டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா போகவே கூடாது என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

நிலையத்திலிருந்து டோக்கியோ இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. இன்று அங்கே அளக்கப்படும் கதிர்வீச்சு மணிக்கு 0.05 மைக்ரோசீவர்ட் அளவில்தான். கருங்கல் பாறை நிறைந்த தென்னிந்திய ஊர்கள் பலவற்றில் இயற்கையாகவே இதைவிட அதிகம் இருக்கும்.

2011 மார்ச் இறுதியில் டோக்கியோவின் ஒரு குடிநீர் நிலையத்தில் கதிரியக்க அயோடின் தென்பட்டு, கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். சில நாளில் அந்த அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. அம்மா நிலநடுக்கத்தை நினைத்துக் கவலைப்பட்டால் அதில் நியாயம் உண்டு. அலமாரிகளைச் சுவரோடு திருகிவைப்பதாக அவருக்கு வாக்குக் கொடுங்கள்.

மைக்ரோசீவர்ட், பெக்கரெல் என்று ஏதேதோ எண் சொல்கிறார்கள். எதைப் பார்த்தால் போதும்?

உணவுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பெக்கரெல். மனித உடல் வாங்கும் கதிர்வீச்சின் பாதிப்புக்கு சீவர்ட்; ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட். ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரெல். அது மிகச் சிறிய அலகு என்பதால்தான் செய்திகளில் கோடி, லட்சம் கோடி என்று வந்து மிரட்டுகிறது. நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்திலேயே சுமார் 4,000 பெக்கரெல் உண்டு.

இயற்கையிலிருந்து மனிதர் பெறும் கதிர்வீச்சு உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஜப்பான் அரசு மக்களை வெளியேற்ற வைத்துக்கொண்ட எல்லை ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். நீண்டகால இலக்கு, விபத்தால் கூடுதலாக வருவது 1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. அந்த இலக்கை, இயற்கையாக இருப்பதையும் சேர்த்து, மணிக்கணக்குக்கு மாற்றினால் 0.23 மைக்ரோசீவர்ட். ஒருவர் நாளில் 8 மணி நேரம் வெளியிலும் 16 மணி நேரம் மரவீட்டுக்குள்ளும் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. ஃபுகுஷிமாவின் பூங்காக்களிலும் பள்ளி வாசல்களிலும் சூரிய மின்தகட்டோடு நிற்கும் வெள்ளை அளவுமானிகளில் ஓடும் சிவப்பு எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சீசியம் முப்பது ஆண்டு இருக்குமாமே. அப்படியானால் முந்நூறு ஆண்டுக்கு அங்கே யாரும் வாழ முடியாதா?

வெளியேறியவற்றில் முதல் வாரங்களில் ஆபத்தானது அயோடின்-131. அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். சில மாதங்களில் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. தங்கியவை இரண்டு வகை சீசியம். சீசியம்-134க்கு அரைவாழ்வு 2 ஆண்டு, சீசியம்-137க்கு 30 ஆண்டு. விபத்தின்போது இரண்டும் ஏறக்குறைய சம அளவில் விழுந்தன. ஆனால் 134 வெளியிடும் கதிர்வீச்சு 137ஐப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த வீரியமான பங்காளி பதினான்கு ஆண்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆகவே யாரும் மண்வெட்டியைத் தொடாத இடத்தில்கூட, வெறும் சிதைவாலேயே கதிர்வீச்சு ஆரம்பத்தில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது.

கவனிக்க வேண்டியது, இந்த வேகம் இனி இருக்காது. மிச்சமிருப்பது 137தான். அது களிமண்ணில் வேட்டியில் ஏறிய மஞ்சள் கறை போலப் பிடித்துக்கொள்கிறது. எளிதில் கரைந்து ஓடாது, பயிருக்குள்ளும் அதிகம் ஏறாது. வயலுக்கு இது நல்லது, காத்திருப்பவர்களுக்குக் கெட்டது. முந்நூறு ஆண்டு என்பது சீசியம்-137 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் காலம். ஓர் ஊரில் வாழ முடியுமா என்பது அங்கே எவ்வளவு விழுந்தது என்பதைப் பொறுத்தது, அது ஊருக்கு ஊர் மலையும் மடுவுமாக மாறும்.

ஃபுகுஷிமா முழுவதும் ஆளில்லாத பேய் ஊர் என்று காணொலிகளில் காட்டுகிறார்களே?

ஃபுகுஷிமா ஜப்பானின் மூன்றாவது பெரிய மாகாணம். சுமார் 13,800 சதுர கிலோமீட்டர் பரப்பு. இன்றும் நுழையக் கட்டுப்பாடு உள்ள பகுதி அதில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. மேற்கே இருக்கும் ஐசு வட்டாரத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் தூரம். மாகாணப் பெயரும் நிலையப் பெயரும் ஒன்றாகப் போனது அந்த மக்களின் துரதிர்ஷ்டம்.

காணொலிக்காரர்கள் தேடிப் போவது ஒகுமா, ஃபுதாபா, நமியே ஆகிய ஊர்களின் சில பகுதிகள். அங்கே இன்றும் 6ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் முன்னால் மடக்கு இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கும் வரிசைகளைப் பார்க்கலாம். அதே ஊரின் இன்னொரு முனையில் புதிய நகராட்சி அலுவலகமும், விளக்கெரியும் மளிகைக் கடையும் இருக்கும். இரண்டும் உண்மை. காணொலியில் ஒன்றுதான் வரும்.

ஜோபன் ரயில் அந்த உலைக்குப் பக்கத்திலேயே போகிறதே, அதில் ஏறலாமா?

ஏறலாம். தொமியோகாவுக்கும் நமியேவுக்கும் இடையில் மூடிக் கிடந்த பாதை 2020 மார்ச் 14 அன்று திறக்கப்பட்டது. ரயில் அந்தப் பகுதியைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்த நேரத்தில் உடம்பில் படுவதைவிட, ஊரிலிருந்து ஜப்பானுக்கு விமானத்தில் வரும்போது படுவது அதிகம்.

ஃபுகுஷிமா அரிசி கடையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். உணவுக்கு ஜப்பான் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 100 பெக்கரெல் சீசியம். பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10. 2012 ஏப்ரல் முதல் இது நடப்பில் உள்ளது. அமெரிக்காவின் எல்லை 1,200. ஃபுகுஷிமாவில் 2012 அறுவடை தொடங்கி, ஆண்டுக்கு ஒரு கோடி மூட்டை அளவில், ஒன்றுவிடாமல் அளந்தார்கள். முப்பது கிலோ மூட்டை ஒவ்வொன்றும் கன்வேயர் பட்டையில் ஏறி, அளவு கருவிக்குள் புகுந்து, ஸ்டிக்கரோடு வெளியே வந்தது. 2015 அறுவடைக்குப் பிறகு எல்லையைத் தாண்டிய மூட்டை ஒன்றும் இல்லை. அதனால் 2020 முதல் பெரும்பாலான ஊர்களில் மாதிரிச் சோதனைக்கு மாறினார்கள்.

எல்லையிலேயே நிற்கும் அரிசியை, அதாவது கிலோவுக்கு 100 பெக்கரெல் உள்ளதை, ஆண்டுக்கு 60 கிலோ சாப்பிட்டாலும் கூடுதலாகச் சேர்வது 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. பொட்டாசிய உரத்தை வயலில் கூடுதலாகப் போட்டால் நெற்பயிர் சீசியத்தை உறிஞ்சுவது குறையும் என்பதை அங்கே பெரிய அளவில் செய்து காட்டினார்கள். வேருக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும் என்பதால், பொட்டாசியம் நிறைய இருந்தால் சீசியத்துக்கு இடம் கிடைப்பதில்லை. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் பெயர்தான். அந்த மலிவில் நட்டப்படுவது விவசாயி.

அப்படியானால் அங்கே விளையும் எதையும் சாப்பிடலாமா?

கடையில் விற்பதைச் சாப்பிடலாம். காட்டிலிருந்து யாராவது பறித்துவந்து அன்பாகக் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள். மாகாணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு காடு. வீடுகளை ஒட்டிய ஓரங்களைத் தவிர அது சுத்தப்படுத்தப்படவில்லை, சுத்தப்படுத்தவும் முடியாது. மலைக்காட்டில் சீசியம் இலையில் விழுந்து, சருகாகி, மட்கி, மறுபடி வேருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காட்டுக் காளானும், வசந்தத்தில் பறிக்கும் கொஷியாபுரா போன்ற தளிர்களும், காட்டுப்பன்றி இறைச்சியும் இன்றும் எல்லையைத் தாண்டிப் பிடிபடுகின்றன.

வெளியூர்க்காரருக்கு இது சின்ன விஷயம். மலையடிவாரக் கிழவர்களுக்கு அப்படியில்லை. தளிர் பறிப்பதும், மட்சுதாகே காளானைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும்தான் அவர்களுடைய ஆண்டின் திருவிழா. இழப்பீட்டுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மீன் விஷயத்துக்கு வாருங்கள். பிடிக்கிற மீனெல்லாம் கதிரியக்கம்தானே?

விபத்துக்குப் பிறகு அந்தக் கடற்கரையில் மீன்பிடி நின்றது. 2012 ஜூனில் சில வகைகளை மட்டும் சோதனை முறையில் பிடிக்கத் தொடங்கினார்கள். உள்ளூர் மீனவர் சங்கங்கள் அரசு எல்லையைப் பாதியாக்கி, 50 பெக்கரெல் என்று தாமே வைத்துக்கொண்டன. அதைத் தாண்டினால் அந்த வகை மீன் முழுவதும் விற்பனைக்கு வராது. இப்போது சந்தைக்கு வருவதில் மிகப் பெரும்பாலானவற்றில் சீசியம் கருவிக்கே தென்படுவதில்லை.

விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டீர்கள். குரோசோய் என்ற பாறை மீன் 2022 ஜனவரியில் கடலில் பிடிபட்டபோது 1,400 பெக்கரெல் காட்டியது. 2023 மே மாதம் நிலையத்தின் சொந்தத் துறைமுகத்துக்குள் பிடித்த ஒன்றில் 18,000 இருந்தது. ஒரே இடத்தில் பாறையிடுக்கில் நெடுங்காலம் வாழும் மீன் அது. துறைமுகத்தின் அடிச்சேறு இன்னும் அழுக்காகவே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. துறைமுக வாயில் வலை போட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. வலையைத் தாண்டி ஒரு மீன்கூட வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சந்தைக்கு முன்னால் நடக்கும் சோதனை அதற்காகத்தான்.

கழிவு நீரைக் கடலில் கொட்டுகிறார்களே, அது அநியாயம் இல்லையா?

நியாயம் அநியாயம் அடுத்தது. நடப்பது என்னவென்று முதலில் பார்ப்போம். உருகிய எரிபொருளைக் குளிர்விக்கும் தண்ணீரும், கட்டடத்துக்குள் ஊறிவரும் நிலத்தடி நீரும் சேர்ந்து தினமும் அழுக்காகின்றன. தொடக்கத்தில் நிலத்தடி நீர் மட்டும் நாளுக்கு 400 டன் போல் ஊறியது. கட்டடங்களைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் ஆழத்துக்கு மண்ணையே உறையவைத்து ஒரு சுவர் எழுப்பினார்கள்; கிணறுகள் தோண்டி நீரை முன்கூட்டியே இறைத்தார்கள். இப்போது நாளுக்கு நூறு டன்னுக்கும் கீழே. அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் எனப்படும் வடிகட்டும் அமைப்பில் சுத்திகரிக்கப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன் அளவுக்குச் சேர்ந்தது.

ஆல்ப்ஸால் பிரிக்க முடியாதது டிரிடியம். அது ஹைட்ரஜனின் ஒரு வகை. தண்ணீரின் மூலக்கூறாகவே இருக்கும் பொருளைத் தண்ணீரிலிருந்து எப்படி வடிகட்டுவது? 2023 ஆகஸ்ட் 24 முதல் அதைக் கடல்நீரில் கலந்து, லிட்டருக்கு 1,500 பெக்கரெலுக்குக் கீழே கொண்டுவந்து, கடலுக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியாக விடுகிறார்கள். குடிநீருக்கே உலக சுகாதார அமைப்பு சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000. ஆண்டு உச்சவரம்பு 22 லட்சம் கோடி பெக்கரெல். சீனாவின் சின்ஷான், கொரியாவின் வோல்சொங் நிலையங்கள் வழக்கமாக ஓடும்போதே இதைவிட அதிகம் வெளியிட்டிருக்கின்றன. இந்த வேலை முடிய 30 ஆண்டு போல் ஆகும்.

டிரிடியம் மட்டும்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியுமா? உருகிய எரிபொருளைத் தொட்ட தண்ணீர் அல்லவா அது?

சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். சின்ஷானோடும் வோல்சொங்கோடும் ஒப்பிடுவதில் உள்ள ஓட்டை இதுதான். அங்கே தண்ணீர் உருகிய எரிபொருளைத் தொடுவதில்லை. தொட்டிகளில் டிரிடியம் மட்டுமே என்ற எண்ணம்தான் பல ஆண்டுகள் பரவியிருந்தது. 2018இல்தான், தொட்டி நீரில் பெரும்பகுதியில் ஸ்ட்ரோன்டியம் உள்ளிட்ட மற்றவையும் வெளியேற்ற வரம்புக்கு மேலே இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஆரம்பகாலத்தில் வடிகட்டியை வேகவேகமாக ஓட்டியதன் விளைவு அது.

அந்த நீரை மறுபடி ஆல்ப்ஸில் ஏற்றி, வரம்புக்குள் வந்த பிறகே விட வேண்டும் என்பது இப்போதைய விதி. ஒவ்வொரு தவணையும் சுமார் 7,800 டன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அளவீடு வெளியிடப்படுகிறது. சர்வதேச அணுசக்தி முகமை அங்கேயே அலுவலகம் வைத்துத் தனியாகவும் அளக்கிறது. இதுவரை விடப்பட்ட தண்ணீரால் மீனுக்கோ மனிதருக்கோ ஆபத்து என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மிக அழுக்கான தொட்டிகள் வரிசையில் பின்னால் நிற்கின்றன. சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் தண்ணீரை எந்த வகையிலும் கையாளமாட்டோம் என்று 2015இல் மீனவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவர்கள் எதிர்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டார்கள். அநியாயம் என்ற சொல் பொருந்துவது இந்த இடத்தில்.

ஆபத்து இல்லையென்றால் சீனா ஏன் தடை போட்டது?

2023 ஆகஸ்ட் 24 அன்றே சீனா ஜப்பானியக் கடலுணவு முழுவதையும் தடை செய்தது. நாடு முழுவதற்குமான அந்தத் தடையில் அறிவியலைவிட அரசியல் அதிகம். ஹொக்கைதோவின் சிப்பி வியாபாரிகள்தான் முதலில் அடிபட்டார்கள். மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியம் அதே மாதத்தில் தன் பழைய கட்டுப்பாடுகளை முற்றிலுமாக விலக்கிக்கொண்டது. அமெரிக்கா 2021இலேயே விலக்கியிருந்தது. தென் கொரியா ஃபுகுஷிமா உள்ளிட்ட எட்டு மாகாணங்களின் கடலுணவுக்கு 2013இல் போட்ட தடை தண்ணீர்ப் பிரச்சினைக்கு முந்தியது.

கதிர்வீச்சால் எத்தனை பேர் செத்தார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

உடனடிக் கதிர்வீச்சு நோயால் இறந்தவர் எவரும் இல்லை. நிலையத்தில் வேலை பார்த்து, பிறகு நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒருவரின் மரணத்தைப் பணிசார்ந்ததாக ஏற்று, அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க அரசு 2018இல் ஒப்புக்கொண்டது. ஊழியர்களில் ஆறு பேர் அவசரகால வரம்பான 250 மில்லிசீவர்ட்டைத் தாண்டினார்கள். பொதுமக்களிடம் கதிர்வீச்சால் நேர்ந்தது என்று காட்டத்தக்க உடல்நலக் கேடு எதுவும் பதிவாகவில்லை என்பது ஐ.நா. அறிவியல் குழு 2021இல் வெளியிட்ட முடிவு.

ஆனால் விபத்து ஆளைக் கொல்லவில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டாதீர்கள். ஃபுகுஷிமாவில் அலையாலும் நிலநடுக்கத்தாலும் நேரடியாக இறந்தவர்கள் 1,600 பேர் அளவில். வெளியேற்றம், முகாம் வாழ்க்கை, சிகிச்சை தடைபட்டது, மனமுடைந்தது ஆகியவற்றால் இறந்ததாக அரசே ஏற்றவர்கள் 2,300க்கும் மேல். ஒகுமாவில் ஒரு மருத்துவமனையிலும் அதைச் சார்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்த படுக்கை நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி, மணிக்கணக்கில் சுற்றவைத்து, தண்ணீரும் மருந்தும் இல்லாமல் கொண்டுபோனதில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அப்படியானால் மக்களை வெளியேற்றியதே தப்பா?

வெளியேற்றிய விதம் தப்பு. உலைகள் இன்னும் எவ்வளவு கக்கும் என்று எவருக்கும் தெரியாத மார்ச் 12 அன்று, 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களைக் கிளப்பியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வட்டம் வரைந்தவர்கள் காற்றைப் பார்க்கவில்லை. மார்ச் 15 அன்று காற்று வடமேற்கே திரும்பியது, மாலையில் மழையும் பனியும் விழுந்தன. நஞ்சு இறங்கியது 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த இய்டாட்டே கிராமத்தில். அந்தக் கிராமத்தை வெளியேறச் சொன்னது ஏப்ரல் 22 அன்று.

நமியேக்காரர்களின் கதை இன்னும் கொடுமை. கடற்கரையிலிருந்து தப்பி, பாதுகாப்பு என்று நம்பி மலைப்பக்கம் இருந்த சுஷிமாவில் போய்த் தங்கினார்கள். மேகம் வந்த பாதை அதுவேதான். காற்று எங்கே போகும் என்று கணிக்கும் கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. அதன் கணிப்பு ஊராட்சிக்குப் போய்ச் சேரவில்லை.

நோயாளிகளையும் முதியவர்களையும் பொறுத்தவரை, மருத்துவ வசதியோடு கூடிய வாகனம் வரும்வரை சில நாள் உள்ளேயே வைத்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் முந்நூறு பேருக்கு மேல் வந்திருக்கிறதாம். இதை எப்படி மூடிமறைக்க முடியும்?

மூடிமறைக்கவில்லை, எண்ணே மாகாண அரசு வெளியிட்டதுதான். விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்த சுமார் 3,80,000 பேரை அல்ட்ராசவுண்ட் சோதனைக்கு அழைத்தார்கள். பல சுற்றுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குப் புற்றுநோய் உறுதியானது அல்லது சந்தேகிக்கப்பட்டது. இவ்வளவு நுட்பமான கருவியால் நோய்க்குறி இல்லாதவர்களை வரிசையாகச் சோதித்தால், வாழ்நாள் முழுவதும் தொந்தரவு தராத சிறு கட்டிகளும் மாட்டும். தென் கொரியாவில் விபத்து எதுவும் இல்லாமலே, பெரியவர்களுக்கு இந்தச் சோதனை பரவியபோது தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. ஐ.நா. குழுவும் ஃபுகுஷிமா எண்ணுக்கு இதையே காரணமாகச் சொல்கிறது. செர்னோபிலில் குழந்தைகள் வாரக்கணக்கில் அயோடின் கலந்த பாலைக் குடித்தார்கள். ஜப்பானில் பாலைச் சீக்கிரமே நிறுத்தினார்கள்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. நோய் வந்த இளைஞர்கள் ஆறு பேர் 2022 ஜனவரியில் நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் பக்கத்து வாதத்தில் எனக்கு வலுவாகப் படுவது ஒன்று: அயோடின் தீர்ந்துபோவதற்கு முன், அந்த முதல் வாரங்களில், நேரடியாகத் தைராய்டில் அளவெடுக்கப்பட்ட குழந்தைகள் ஆயிரத்துச் சொச்சம்தான். மற்றவர்களுக்குச் சொல்லப்படுவது கணக்கிட்ட அளவு. அயோடின் மாத்திரையும் பெரும்பாலான ஊர்களில் கொடுக்கப்படவில்லை. மிஹாரு என்ற சிற்றூர் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் மார்ச் 15 அன்று தானே விநியோகித்தது. எண்ணிக்கை உயர்வுக்குச் சோதனைதான் முக்கியக் காரணம் என்றே நானும் நினைக்கிறேன். அளக்காமல் விட்டவர்கள் அந்த நம்பிக்கையைப் பிறரிடம் உரிமையாகக் கேட்க முடியாது.

என் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். செண்டாய்க்கு மாற்றல் வந்திருக்கிறது. போகலாமா?

போகலாம். செண்டாய் வேறு மாகாணம். அளவு டோக்கியோவைப் போன்றதே. ஃபுகுஷிமாவிலேயே விபத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் பிறவிக் குறைபாட்டு விகிதம் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வேறுபடவில்லை.

மணவாளக்குறிச்சி மணலில் இதைவிட அதிகக் கதிர்வீச்சு இருக்கிறதாமே. அங்கே மக்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

கன்னியாகுமரி, கொல்லம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் உள்ள தோரியத்தால் சில இடங்களில் கதிர்வீச்சு உலக சராசரியைவிடப் பல மடங்கு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நெடுங்காலம் நடந்த ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. குறைந்த அளவுக் கதிர்வீச்சைப் பற்றிய பீதியைத் தணிக்க இது உதவும்.

அதற்கு மேல் இந்த ஒப்பீட்டை இழுக்காதீர்கள். தோரியம் மணலோடு மணலாக இருப்பது. சீசியம் காளானுக்குள்ளும் மீனுக்குள்ளும் ஏறுகிறது. மணவாளக்குறிச்சிக்காரரின் வீட்டில் யாரும் ஒருநாள் வந்து அதைக் கொட்டிவிட்டுப் போகவில்லை. ஃபுகுஷிமா விவசாயியிடம் இந்த உதாரணத்தைச் சொன்னால், அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இப்போது உலைக்குள் என்ன இருக்கிறது? இன்னொரு பெரிய நிலநடுக்கம் வந்தால்?

மூன்று உலைகளிலும் சேர்த்து உருகிக் கட்டியான எரிபொருளும் உலோகமும் கான்கிரீட்டும் சுமார் 880 டன். 2024 நவம்பரில், மீன்தூண்டில் போல நீளும் கருவியை 2ஆம் உலைக்குள் விட்டு, முதன்முதலாக வெளியே எடுத்தது 0.7 கிராம். ஒரு கிராம்கூட இல்லை. 3ஆம் உலையில் பெரிய அளவில் எடுக்கும் வேலை 2037க்கு முன் தொடங்காது என்று 2025இல் அறிவித்தார்கள். 2051க்குள் எல்லாம் முடியும் என்ற பழைய இலக்கை இன்னும் மாற்றவில்லை. கணக்குத் தெரிந்த எவரும் அதை நம்புவதாகத் தெரியவில்லை.

ஆறுதலான செய்தி, அந்த எரிபொருளின் சூடு 2011இல் இருந்ததில் மிகச் சிறு பங்காகிவிட்டது. குளிர்விப்பு சில நாள் தடைபட்டாலும் அன்று நடந்தது போல மணிக்கணக்கில் எதுவும் நடக்காது. 4ஆம் உலைக் கட்டடத்தின் மேல்தளக் குளத்தில் இருந்த 1,535 எரிபொருள் கட்டுகள் 2014 இறுதிக்குள் எடுக்கப்பட்டுவிட்டன. 3ஆம் உலையின் குளமும் 2021இல் காலியானது. 1, 2இன் குளங்களில் இன்னும் இருக்கின்றன. நிலநடுக்கம் வந்தால் நான் முதலில் பார்க்கும் செய்தி அந்தக் குளங்களைப் பற்றியதாக இருக்கும்.

டெப்கோ சொல்லும் எண்களை நம்பச் சொல்கிறீர்களா?

டெப்கோவை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். சோதனை ஆவணங்களைத் திரித்தது 2002இலேயே அம்பலமான நிறுவனம் அது. 15 மீட்டரைத் தாண்டும் அலை வரக்கூடும் என்று 2008இல் தானே கணக்குப் போட்டுவிட்டுச் சுவரை உயர்த்தவில்லை. எரிபொருள் உருகியதை 2011 மே வரை ஒப்புக்கொள்ளவில்லை. உருகல் என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று அன்றைய தலைவர் உத்தரவிட்டது 2016இல் வெளியே வந்தது. தொட்டி நீர் விவகாரம் மேலே இருக்கிறது.

நம்ப முடிவது, பகையாளிகளும் அளந்து ஒத்துப்போகும் எண்களை. சேஃப்காஸ்ட் என்ற குடிமக்கள் குழு 2011 முதல் தானே செய்த கருவிகளைக் காரில் கட்டிக்கொண்டு அளந்து வருகிறது. இவாகி நகரில் தாய்மார்கள் சேர்ந்து தொடங்கிய தராச்சினே என்ற ஆய்வகம் காய்கறியையும் மீனையும் கடல்நீரையும் அளக்கிறது. வேதியியல் படிக்காத பெண்கள் ஸ்ட்ரோன்டியம் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். இவர்கள் யாருக்கும் டெப்கோவைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இப்படி நடக்காது என்று எப்படிச் சொல்வது?

நடக்கவே நடக்காது என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஃபுகுஷிமாவிலும் அப்படித்தான் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் இறைக்கும் பம்ப் அறைக்குள் சுனாமி புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அந்த நிகழ்வை உலகம் உன்னிப்பாகப் படித்திருந்தால் ஜப்பானின் அடித்தள ஜெனரேட்டர்கள் மேலே ஏறியிருக்கலாம்.

கூடங்குளத்தின் உலைகள் ஃபுகுஷிமா வகை அல்ல; மின்சாரம் போனாலும் காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு அவற்றில் உண்டு. ஃபுகுஷிமாவின் முதல் உலைக்கு உறவான அமெரிக்க வகை, மகாராஷ்டிரத்தின் தாராபூரில் இருக்கிறது. ஆனால் இடிந்தகரை மக்கள் 2011இல் கேட்டது உலை வகையை மட்டும் அல்ல. வெளியேறும் பாதை எது, ஒத்திகை எப்போது, எரிந்த எரிபொருள் எங்கே போகும் என்று கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் நிலையத்தை அனுமதித்தபோது கூடவே 15 வழிகாட்டுதல்களை விதித்தது. வெளியேற்றத்தைப் பற்றி மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு அந்த மீனவப் பெண்களின் கேள்வி எவ்வளவு சரியானது என்பது புரியும்.

யாராவது ஜெயிலுக்குப் போனார்களா?

இல்லை. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012இல், இது மனிதரால் விளைந்த பேரிடர் என்று வெளிப்படையாக எழுதியது. குற்ற வழக்கில் டெப்கோவின் முன்னாள் உயர் அதிகாரிகள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பங்குதாரர்கள் தொடுத்த வழக்கில் 2022இல் 13 லட்சம் கோடி யென் கட்டச் சொன்ன தீர்ப்பும் 2025இல் மேல்முறையீட்டில் ரத்தானது. அவ்வளவு உயர அலை வரும் என்று முன்கூட்டி உணர்ந்திருக்க முடியாது என்பது நீதிமன்றங்களின் பார்வை. 2008 கணக்கை மேலே சொல்லியிருக்கிறேன்.

சுத்தம் செய்தாகிவிட்டதே, ஊர்க்காரர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?

ஃபுதாபாவில் விபத்துக்கு முன் சுமார் 7,000 பேர். 2022 ஆகஸ்ட் இறுதியில்தான் ஒரு பகுதியில் தங்க அனுமதி கிடைத்தது. இப்போது இருப்பவர்கள் இருநூறு பேர் அளவில்தான், அவர்களிலும் புதிதாக வந்தவர்கள் உண்டு. பதினொரு ஆண்டில் பத்து வயதுப் பையன் வேறு ஊரில் கல்லூரி முடித்துவிடுவான். அவன் அப்பா அங்கே வீட்டுக்கடன் வாங்கியிருப்பார். பழைய வீட்டுக் கூரை ஒழுகி, காட்டுப்பன்றி புகுந்து, இடித்துத்தள்ளியாகிவிட்டது. ஊருக்குள் மருத்துவமனை கிடையாது. அளவுமானி காட்டும் எண் மட்டும் குறைந்தால் இதெல்லாம் திரும்பி வருமா?

சுரண்டி எடுத்த மண்ணை என்ன செய்தார்கள்?

வயல், தோட்டம், பள்ளி மைதானம் எல்லாவற்றிலும் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, ஒரு கன மீட்டர் பிடிக்கும் கறுப்புப் பைகளில் கட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் நெல் நின்ற இடத்தில் அந்தப் பைகள் அடுக்கி நின்றன. பிறகு ஒகுமாவிலும் ஃபுதாபாவிலும் உலையைச் சுற்றியுள்ள 16 சதுர கிலோமீட்டரில் அவற்றைச் சேர்த்தார்கள், 1.4 கோடி கன மீட்டர் அளவில். இது தற்காலிகம், 2045 மார்ச்சுக்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் நிரந்தரமாகப் புதைப்போம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் அந்த இரண்டு ஊர்க்காரர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள்.

நான்கில் மூன்று பங்கு மண் கிலோவுக்கு 8,000 பெக்கரெலுக்குக் கீழே இருப்பதால், சாலைக்கும் கரைக்கும் அடியில் போட்டு மேலே நல்ல மண்ணால் மூடலாம் என்பது அரசின் திட்டம். டோக்கியோவின் ஷின்ஜுகு கியோயென் பூங்காவில் சோதித்துப் பார்க்கலாம் என்றதும் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். 2025 ஜூலையில் பிரதமர் அலுவலகத் தோட்டத்துக்குக் கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மிச்சத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று இதுவரை எந்த மாகாணமும் கைதூக்கவில்லை.